விலாசம் யார் கையில்?



இதழின் விலாசம் மாறியிருக்கிறது. புது விலாசம் உள்ளட்டையில். சந்தா, கவிதை, வசவுக் கடிதம் எதுவானாலும் இனி அங்கே அனுப்புங்கள். பழைய அறையில் நாலு வருஷம் இருந்தோம். ஒரு மாச வாடகைகூட நின்றதில்லை. போன ஏப்ரல் 14 அன்று வாசலில் பாபாசாகேப் படத்தை வைத்து, நீலக் கொடி கட்டி, தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். மே முதல் தேதி வீட்டுக்காரர் வந்தார். "பையன் கல்யாணத்துக்கு எடம் பத்தல சார், காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒரு சிறுபத்திரிகைக்கு இருப்பது இரண்டு அலமாரி, ஒரு மேசை, விற்காத பழைய இதழ்க் கட்டுகள். மீன்பாடி வண்டியில் ஒரே நடையில் முடிந்தது. அடுப்பு, பாய், ஸ்கூல் பை, பாட்டியின் மாத்திரை டப்பா என்று இருக்கிற குடும்பத்துக்கு இதே வார்த்தை வரும்போது கதை வேறு. அதைத்தான் இந்த முறை பேச வேண்டும் என்று நினைத்தேன். கவிதைக்கு ஒதுக்கியிருந்த இரண்டு பக்கத்தையும் இந்தத் தலையங்கம் தின்றுவிட்டது. கவிஞர்கள் மன்னிக்கட்டும். நானும் அந்தச் சாதிதான்.

நம்மில் வாடகைக்கு வீடு தேடி அலையாதவர் யார்? முதல் கேள்வி, எத்தனை பேர். இரண்டாவது, என்ன வேலை. மூன்றாவது, சொந்த ஊர். ஊரைச் சொன்னால் தெரு எது என்பார்கள். தெருவைச் சொன்னால் போதும், சாவி உள்ளே போய்விடும். "தப்பா நெனைக்காதீங்க, நீங்க இன்னா ஆளுங்க?" என்று நேராகக் கேட்பவன் ஒருவகையில் தேவலை. 'சைவம் மட்டும்' என்று எழுதி மாட்டுகிறவனிடம் சண்டைகூடப் போட முடியாது. காசிமேட்டு மீன் வாடை அடிக்கிற வடசென்னைக் காற்றில் 'சைவம் மட்டும்' என்று ஒரு பலகை தொங்குகிறதென்றால் அது நாக்கைப் பற்றிய விஷயம் இல்லை என்பது எழுதியவனுக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும்.

இந்த நாட்டின் மிகப் பெரிய வாடகைக் குடித்தனக்காரர் அண்ணல்தான். 1917-இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, வாங்கிய உதவித்தொகைக்கு ஈடாக பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்கப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரை எழுதிக் கொடுத்து ஒண்டுகிறார். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய். பணம் ஒழுங்காகக் கொடுத்தவர்தான். பதினோராம் நாள் காலையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர், இரண்டு பேரிடமும் கேட்டார். இரண்டு பேராலும் முடியவில்லை. கமாத்தி பாக் என்கிற பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு 9 மணி ரயிலில் பம்பாய் திரும்பினார். நோட்டீஸ் இல்லை, வழக்கு இல்லை, வாடகை பாக்கியும் இல்லை. இன்றைக்கு அந்த இடத்தில் நினைவிடம் எழுப்புகிறார்கள், பெருமைதான். அந்தத் தடி மட்டும் இன்னும் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

காலடிப்பேட்டைக்கு வருவோம். பெயரைக் கேட்டதும் யார் காலடி என்று கேட்கத் தோன்றும். 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனி கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டை வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆனது. கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது, அதனால் நெய்கிறவனுக்குத் தங்க இடம் கிடைத்தது. வேலை வாங்குகிறவன் வீட்டுக்கும் பொறுப்பு என்கிற கணக்கு வெள்ளைக்காரனுக்குக்கூடப் புரிந்திருந்தது. அதன் பிறகு இந்தக் கரையில் விம்கோ வந்தது, என்ஃபீல்டு வந்தது, எம்.ஆர்.எஃப். வந்தது, எண்ணூரில் அசோக் லேலண்டு வந்தது, துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. உழைக்க வந்த சனம் எங்கே தூங்குகிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கணக்கை லைன் வீட்டுக்காரர்கள் எடுத்தார்கள். ஒரு சந்து, எட்டுக் குடித்தனம், ஒரு கக்கூஸ், ஒரு மோட்டார், ஒரு மீட்டர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்தது. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம் என்று சொல்லியே வாடகை ஏறியது. அந்த ரயிலில் ஏறுகிறவர்கள் லைன் வீட்டுக்காரர்கள் இல்லை.

அப்படி ஒரு லைன் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். மாநகராட்சிக் குப்பை வண்டியோடு போகிற காண்ட்ராக்ட் வேலை. வீட்டுக்காரர் கண்டெய்னர் யார்டில் லோடு ஏற்றுகிறவர், அதாவது ஏற்றியவர். நெஞ்சு வலியில் போய்விட்டார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள். வாடகை 5,500. அட்வான்ஸ் 40,000. கையெழுத்து எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. ஆறு வருஷம் யாரும் சாதி கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. சாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், பறை வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வீட்டு ஓனர் வந்து நின்றார். இந்த மாதிரி ஆளுங்க என்று முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றார். அட்வான்ஸில் கழித்துக்கொண்டு காலி பண்ணச் சொன்னார்.

"நான் எங்க தம்பி போறது? ரெண்டும் பொம்பளப் புள்ள. பெரிசு பத்தாவது" என்றார் அக்கா. சாவுச் செலவில் இரண்டு மாச வாடகை நின்றுபோயிருந்தது. நான்காம் நாள் மீட்டர் பெட்டியிலிருந்து அவர் வீட்டுக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டார்கள். மோட்டார் தண்ணி நின்றது. இருட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை பக்கத்து வீட்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். சட்டம் என்றதும் பக்கத்தைத் திருப்புகிற தோழர்கள் தயவுசெய்து இருங்கள். நமக்கு எதிராக எழுதப்பட்ட வரி எது, நமக்குக் கைகொடுக்கிற வரி எது என்று தெரியாமல் தெருவில் கத்தினால் தொண்டைதான் போகும்.

1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வாய்ப்பேச்சில் குடியிருந்தவனுக்கும் பாதுகாப்பு இருந்தது. 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி குடித்தனம் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாதவர் அந்த அதிகாரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 21-ஆம் பிரிவைப் படித்தால் வயிறு கலங்கும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்ய வைப்பதற்கு முதல் காரணமாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தவன் வீட்டுக்காரன். தெருவுக்கு வருவது குடித்தனக்காரன். முத்திரைத்தாள் பார்த்தே இராத எட்டுக் குடித்தனத்து லைன் வீட்டில் இந்த வரி என்ன வேலை செய்யும் என்று எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியாது. யோசித்திருந்தால் இன்னும் மோசம்.

ஆனாலும் அதே சட்டத்தில் நாம் பிடித்துக்கொள்ளக் கயிறுகள் உண்டு. கரண்டு, தண்ணீர், கழிப்பிடம் போன்ற அத்தியாவசிய வசதியை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது, 20-ஆம் பிரிவு. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். இரண்டு மாச வாடகை பாக்கி என்று வெளியேற்ற வேண்டுமானால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். வந்த ஒரு மாசத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். அடுத்தடுத்து இதே சலுகை கிடைக்காது, அதையும் மனசில் வையுங்கள். அட்வான்ஸ், ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொண்டால் ஒழிய, 3 மாச வாடகைக்கு மேல் கூடாது. சென்னையில் பத்து மாசம் வாங்குவது வழக்கம் என்பார்கள். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். நம் முதுகில் ஏறிய எல்லாமே வழக்கம் என்ற பெயரில்தான் ஏறியது. வீட்டை விட்ட ஒரு மாசத்துக்குள் உரிய கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

இன்னொன்று. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கித் தெருவில் வீசுவதோ, ஆள் இல்லாத நேரத்தில் பூட்டு மாற்றுவதோ, எந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் சட்டவிரோதம். அப்படித் தள்ளப்பட்டவர் 6 மாசத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் குடியிருப்பைத் திரும்பப் பெறலாம். 1963-ஆம் வருஷத்துக் குறித்தவகை நிவாரணச் சட்டம், 6-ஆம் பிரிவு. அரசாங்கம் தள்ளினால் மட்டும் இந்தப் பிரிவு செல்லாது. அரசாங்கத்துக்கு எப்போதும் ஒரு தனி வாசல் உண்டே.

குடிசைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பழைய கேடயம் இருக்கிறது. 1971-ஆம் வருஷத்துக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி, குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்குப் போடுவதற்கே உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அருமையான பிரிவு. ஆனால் சென்னையில் 1971-இல் 1,202 இடங்களை அறிவித்தார்கள், 1985-இல் 17 சேர்த்தார்கள், அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. நாற்பது வருஷமாக இந்த நகரத்தில் புதிதாகக் குடிசைப் பகுதியே உருவாகவில்லை என்று காகிதம் சொல்கிறது. திருவொற்றியூர் 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. கேடயம் இருக்கிறது, அதன் நிழலில் நிற்க நம்முடைய பல தெருக்களுக்கு அனுமதி இல்லை.

சரி, கரண்டைப் பிடுங்கியது பணத்துக்காகவா, பறைக்காகவா? அக்காவோடு நானும் இன்னொரு தோழரும் காவல் நிலையத்துக்குப் போனோம். "இது சிவில் மேட்டர், வக்கீலப் பாருங்க" என்றார் எழுத்தர். நானும் ஓர் எழுத்தர்தான், அந்தத் தொனி எனக்குத் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(g) என்னவென்று தோழர் கேட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை அவருடைய இடத்திலிருந்து முறைகேடாக வெளியேற்றுவது குற்றம். 3(1)(z), வீட்டையோ ஊரையோ விட்டுப் போகும்படி கட்டாயப்படுத்துவது குற்றம். 1989-ஆம் வருஷத்துச் சட்டம், 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் வடிவம். இதன் விதிகளில் நிவாரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: வீட்டை விட்டு விரட்டப்பட்டவருக்கு 1 இலட்சம் ரூபாய், அதே வீட்டில் இருக்கும் உரிமையைத் திரும்பப் பெற்றுத் தருவது அரசின் பொறுப்பு. எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். அதற்கு மேல் இன்று வரை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ரசீது எண்ணையும் சேர்த்து வாடகை அதிகாரிக்குக் கொடுத்த மனுவில் விசாரணைக் கடிதம் போனது. போன நாலாம் நாள் கரண்டு வந்தது. மோட்டாரும் ஓடியது.

அதோடு நோட்டீஸும் வந்தது. வீட்டுக்காரர் இப்போது வக்கீல் வைத்துவிட்டார். இரண்டு மாச பாக்கி 11,000, ஒரு மாசக் கெடு. இந்தப் பக்கம் அச்சுக்குப் போகிற நாளில் கெடுவுக்கு 12 நாள் பாக்கி. அக்காவிடம் 3,000 இருக்கிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. அவசரத்துக்கு இந்த அரசாங்கத்தில் பணமே இல்லையா? இருக்கிறது. சம்பாதிக்கிறவர் 60 வயதுக்கு முன் இறந்தால் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குத் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு, தாசில்தார் வழியாக. சுமை தூக்குகிறவர்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் இறப்புக்கும் ஈமச்சடங்குக்கும் உதவித்தொகை உண்டு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023-இல் 1,000-லிருந்து 1,200 ஆனது. மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000. இத்தனையும் சேர்த்தால் அக்காவின் பாக்கியை இரண்டு முறை கட்டலாம். ஆனால் எந்த மேசைக்குப் போனாலும் முதலில் கேட்பது ரேஷன் கார்டு, இருப்பிடச் சான்று. அவருடைய கார்டு இன்னும் மாமியார் ஊரான செய்யூர்ப் பக்கத்து விலாசத்தில் இருக்கிறது. ஏன் மாற்றவில்லை? இங்கே விலாசம் மாற்ற வாடகை ஒப்பந்தமோ வேறு ஏதாவது சான்றோ வேண்டும். கொடுத்தால் குடித்தனம் நிலைத்துவிடும் என்று வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. கரண்டு பில் அவர் பெயரில். வரி ரசீது அவர் பெயரில். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் என்று அரசாங்கம் கொடுப்பதும் அவர் மீட்டருக்குத்தான். அக்கா யூனிட்டுக்கு 10 ரூபாய் கொடுக்கிறார். ஆறு வருஷமாக ஒருத்தி ஒரு தெருவில் குப்பை வாரி, பிள்ளை பெற்று வளர்த்து, புருஷனையும் எடுத்துப் போட்டிருக்கிறாள். அவள் அந்தத் தெருவில்தான் வாழ்ந்தாள் என்று சொல்கிற அதிகாரம் வீட்டுக்காரன் கையில் இருக்கிறது.

பேரிடர் வந்தாலும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அரசு 6,000 ரூபாய் கொடுத்தது, ரேஷன் கடை வழியாக, கார்டின் பேரில். எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. 2021 டிசம்பர் 27 அன்று நம் பக்கத்து அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி அப்படியே சரிந்து விழுந்தது. முதல் நாள் விரிசல் சத்தம் கேட்டு சனம் வெளியே வந்திருந்ததால் உயிர் தப்பியது. 24 வீடுகள். குடும்பத்துக்கு 1 இலட்சமும் மாற்று வீடும் என்று முதலமைச்சர் அறிவித்தார், சரியான காரியம். அதே வருஷம், பழைய வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வெளியே தங்குகிறவர்களுக்கான கருணைத்தொகையை 8,000-லிருந்து 24,000 ஆக்கினார்கள். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போடப்பட்டவர்களுக்கு மாசம் 2,500 வீதம் ஒரு வருஷம். நான் வங்கிக்காரன், கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது: 24,000-ஐ 5,500-ஆல் வகுத்தால் நாலரை மாசம்கூட வராது. கட்டடம் எழும்ப ஒன்றரை இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு அட்வான்ஸ் யார் கொடுப்பது? பெயரே 'கருணைத் தொகை'. உரிமையைக் கருணை என்று பெயர் மாற்றிக் கொடுப்பது இந்த நாட்டுக் கல்லாப்பெட்டியின் பழைய பழக்கம். இதுவும் ஒதுக்கீட்டுதாரர் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவன் பட்டியலுக்கு வெளியே.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை ஓர் உத்தரவு போட்டது: தொழிலாளர்களிடம் ஒரு மாசம் வாடகை கேட்கக் கூடாது, காலி பண்ணச் சொல்லி வற்புறுத்தினால் நடவடிக்கை. நல்ல உத்தரவு. ஆனால் வாடகைக்கு யார் பணம் கொடுப்பது என்று அதில் ஒரு வரியும் இல்லை. தமிழக அரசு கார்டுக்கு 1,000, அடுத்த வருஷம் 4,000 கொடுத்தது. அது அரிசிக்கும் மாத்திரைக்கும் போயிற்று. அதே சமயம் அமெரிக்காவில் வாடகை பாக்கிக்கென்றே 4,600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உள்ளூர் அலுவலகங்கள் மூலம் வீட்டுக்காரனுக்கே பாக்கியைக் கட்டினார்கள். அமெரிக்காவை நான் புகழவில்லை. அங்கே முதலில் தெருவுக்கு வருகிறவள் கறுப்பினத் தாய் என்பது உலகறிந்த விஷயம். அந்த மக்களும் அவர்களுடைய சங்கங்களும் கத்திக் கத்தித்தான் 'வாடகை நிவாரணம்' என்று ஒரு தலைப்பு வரவுசெலவுத் திட்டத்தில் ஏறியது. இங்கே வெள்ள நிவாரணம் உண்டு, தீ நிவாரணம் உண்டு. வாடகை நிவாரணம் என்ற சொல்லையே நாம் இன்னும் உச்சரிக்கவில்லை.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லாவிட்டால் சம்பளம் வாங்குவதே பாவம். வடசென்னையில் 'லீசு' வீடு அதிகம். மூன்று இலட்சமோ ஐந்து இலட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருப்பது. ஊர்ப்பக்கம் போக்கியம் என்பார்கள். நகையை வைத்து, சீட்டை எடுத்து, தண்டல்காரனிடம் வாங்கி அந்தப் பணத்தைப் புரட்டுகிறார்கள். வீட்டுக்காரர் அந்த வீட்டையே ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்திருப்பார். தவணை நின்றுவிட்டால் 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு சுவாதீனம். கதவில் நோட்டீஸ் ஒட்டும்போதுதான் லீசுக்காரருக்கே விஷயம் தெரியும். பதிவு செய்யாத, வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பாதுகாப்பு இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் குடித்தனக்காரர் முறையிட 2016 திருத்தம் வழி வைத்திருக்கிறது, ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும். லீசுப் பணம்? ஏற்கெனவே மூழ்கிப்போன வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் லீசுக்குப் பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், தெரு முனை ஜெராக்ஸ் கடைப் பையன் எடுத்துக் கொடுப்பான். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதாகப் பதிவு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நகல்தான் இருக்கிறது என்றால் மூலம் எங்கள் பெட்டகத்தில் இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். வீடு முதலிலேயே அடமானத்தில் இருந்தால் அந்தப் பதிவும் பெரிதாகக் காப்பாற்றாது.

இதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1981-இல் சென்னைக் குடிசைவாசிகளையும் நடைபாதைவாசிகளையும் அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்ட முயன்றபோது, பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கோடு அதுவும் முடிவுக்கு வந்தது. மாற்று இடம் என்ற பேச்சு சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது அந்த நாட்களில்தான். நிலத்தில் குந்தியிருப்பவனுக்காக ஓரளவு பேசியாகிவிட்டது. வாடகைக்கு இருப்பவனுக்காக நம் இயக்கங்களே இன்னும் பேசவில்லை. பட்டா கேட்டு ஊர்வலம் போயிருக்கிறோம், வாடகை ஒப்பந்தம் கேட்டு ஒரு தெருமுனைக் கூட்டம்கூடப் போட்டதில்லை.

2024-இல் தமிழக சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப நம் பங்குப் பணத்தை நமக்கே செலவு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2011 கணக்கெடுப்பில் நாம் நூற்றுக்கு 20 பேர். அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, சாவு, நோய், வேலையிழப்பு வந்த குடும்பத்துக்கு மூன்று மாச வாடகையை நேராகக் கட்டுகிற நிதி ஒன்றை மண்டலத்துக்கு மண்டலம் வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். இருப்பிடச் சான்றுக்கு வீட்டுக்காரன் கையெழுத்து வேண்டாம், பக்கத்துக் குடித்தனங்கள் இரண்டு சாட்சி சொன்னால் போதும் என்று ஆக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத மறுப்பது வீட்டுக்காரனுடைய குற்றமாக வேண்டும், குடித்தனக்காரன் வெளியேறக் காரணமாகக் கூடாது. 21-ஆம் பிரிவின் அந்த முதல் வரியை அடிக்க வேண்டும். இந்த மூன்றையும் அச்சடித்து ஞாயிறு காலை தேரடியில் கையெழுத்து வாங்குகிறோம்.

நோட்டீஸ் வந்தவர்கள் பயந்து இரவோடு இரவாகக் காலி பண்ண வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். திருவொற்றியூர் நீதிமன்ற வளாகத்திலும் கேளுங்கள். அக்காவுக்கு அப்படித்தான் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். நம் சாதியுமில்லை, நம் கட்சியுமில்லை, ஆனால் கேசை ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிறார்.

அக்காவின் பாக்கிக்கு இதுவரை இதழ் நண்பர்கள் ஐந்து பேர் 4,500 கொடுத்திருக்கிறார்கள். அவருடைய 3,000-ஐயும் சேர்த்தால் இன்னும் 3,500, வட்டி தனி. முடிந்தவர்கள் உள்ளட்டை விலாசத்துக்கு அனுப்பலாம். பணம் அக்காவின் கணக்கிலிருந்து வீட்டுக்காரர் கணக்குக்கு வங்கி வழியாகவே போகும், கையில் கொடுக்க மாட்டோம். அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது, வக்கீலம்மா மனுவைத் தயாராக வைத்திருக்கிறார்.

பின்னட்டையில் வழக்கமாக வரும் ஓவியம் இந்த முறை இல்லை. அந்த இடத்தில் வாடகை ரசீது மாதிரி ஒன்றைப் பன்னிரண்டு மாசத்துக்கும் அச்சிட்டிருக்கிறோம். மாசம், தொகை, வீட்டு எண், கொடுத்தவர், வாங்கியவர் கையெழுத்து. வெட்டி எடுத்து ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிற வீட்டுக்காரருக்கு வாடகையைப் போன் வழியாக அனுப்பிவிட்டு, குறிப்பில் 'இன்ன மாச வாடகை' என்று தமிழில் எழுதுங்கள்.